"அனுசரித்துப் போ" என்னும் உபதேசம்

(சேலத்தில் நர்சுகளும், நர்சிங் உபாத்தியாயர்களும் கூடிய ஒரு கூட்டத்தில், ஓய்வு பெற்ற நர்சிங் உபாத்தியாயினி ஒருவர் பேசியதன் சாரம்.)



நான் இன்று பேச வேண்டிய விஷயம் "நர்சுகளின் அனுசரிப்பும், பற்றுதலும், வேலைத் திறமையும்" என்பதாக அழைப்பில் கண்டிருக்கிறது. நான் பேசிப் பழக்கப்பட்டவள் அல்ல. முதலில் நர்சாகவும், பிறகு நர்சுகளுக்குப் பாடம் சொல்லுகிறவளாகவும் இருந்தவள். ஆதலால் என் அனுபவத்தில் கண்டதையும் என் அறிவுக்குப் பட்டதையும் சொல்லுகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் வார்டில் உள்ள நிலைமையோடு ஒத்துப்பார்த்து, சரி என்று தோன்றினால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசிய கனவான்கள் நர்சுகளை மிகவும் புகழ்ந்தார்கள். தேவதை என்றார்கள், தாய் என்றார்கள், பொறுமைக்குப் பூமாதேவி என்றார்கள். தோழர்களே! பெண்ணைத் தெய்வம் என்று சொன்ன இடத்தில் எல்லாம் அவளுக்குச் சொத்தும் இல்லை, படிப்பும் இல்லை என்பது நாம் கண்ட சங்கதி. அதுபோலவே நர்சு தேவதையானால் அவளுக்குப் பசி இல்லை. ஆகையால் சம்பளம் சொற்பமாயிருக்கலாம். தேவதைக்குக் கால் வலிக்காது. ஆகையால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கலாம். தேவதைக்குத் தூக்கம் வராது. ஆகையால் நைட் டூட்டி முடித்தவளைப் பகலிலும் கூப்பிடலாம். ஆகவே புகழ்ச்சியைக் கேட்டு மயங்காதீர்கள். புகழுகிறவரிடம், "ஐயா, என் வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்சுகள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லுகிறவரே உண்மையில் நர்சுகளுக்கு வேண்டியவர்.

நிற்க, இந்த "அனுசரிப்பு" என்பதைப் பற்றிச் சிறிது யோசிப்போம். கலியாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு நம் வீடுகளில் சொல்லுகிற உபதேசம் என்ன? "அனுசரித்துப் போ அம்மா" என்பதுதான். மாமியாருக்கோ மாப்பிள்ளைக்கோ யாரும் அந்த உபதேசம் செய்வதில்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படியே. டாக்டரை அனுசரித்துப் போ, இன்சார்ஜ் சிஸ்டரை அனுசரித்துப் போ, மானேஜரை அனுசரித்துப் போ என்று நர்சுக்குச் சொல்லுகிறோம். இப்பொழுது இதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து, காகிதத்தில் கேள்விகள் அச்சிட்டுக் கொடுத்து, எந்த நர்சு நன்றாக அனுசரிக்கிறாள், எவள் அனுசரிக்கவில்லை என்று மார்க்குப் போடுகிறார்கள். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். பத்து டன் ஏற்ற வேண்டிய வண்டியில் முப்பது டன் ஏற்றி, சங்ககிரி ரோட்டில் அச்சு முறிந்தால், "இந்த அச்சுக்கு அனுசரிப்புப் போதாது" என்று எவராவது சொல்லுவாரா? பாரம் ஏற்றியவனைத்தானே கேட்பீர்கள்?

நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்பது வேண்டியதில்லை. ஒரு நெசவுத் தொழிலாளியின் மகள் என்னிடம் மூன்றாம் வருஷம் படித்தாள். தாய் கழுத்தில் இருந்ததை விற்றுப் படிக்க வைத்த பெண். ஸ்டாப் நர்சு லீவு என்பதாக, அவளை இராத்திரி எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரையில் ஒரு வார்டில் தனியாகப் போட்டுவிட்டார்கள். படிக்க வந்தவளைச் சம்பளமில்லாத நர்சாக உபயோகித்துக் கொள்ளுவது அங்கே வழக்கம். வார்டில் 46 பேர். அன்று அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள் அதில் மூன்று பேர். விடியற்காலையில் அவர்களில் ஒருவர் இறந்துபோனார். போர்வைக்குக் கீழே இரத்தம் போய்க் கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு "கவனக்குறைவு" என்று மெமோ கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, அனுசரித்துப் போ" என்று சொன்னேன். அவளும் எழுதிக் கொடுத்தாள். பிறகு ஒரு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டாள். சில வருஷங்கள் கழித்துப் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் அவளைக் கண்டேன். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, அந்த நாளிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அறுவை முடிந்து வந்தவருக்கு முதல் சில மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை நாடியும், இரத்த அழுத்தமும், காயக் கட்டும் பார்க்க வேண்டும் என்று நானே பாடம் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் என்றால் ஒரு மணிக்கு ஒருவருக்கு 20 நிமிஷம். மூன்று பேருக்கு 60 நிமிஷம். அதாவது அந்தப் பெண் பாடப்படி நடந்திருந்தால், மற்ற 43 பேரின் பக்கம் தலை திருப்பவே முடியாது. ஒருவருக்கு டிரிப் தீர்ந்து போகும், ஒருவருக்கு மூச்சு முட்டும், ஒருவருக்கு ஊசி நேரம் தவறும். அவள் எப்படி நடந்திருந்தாலும் குற்றவாளிதான். இந்தக் கணக்குப் போட மூன்றாம் வகுப்புப் படிப்புப் போதும். ஆனாலும் மெமோ கொடுத்தவரும் போடவில்லை. மன்னிப்பு எழுதச் சொன்ன நானும் போடவில்லை. செத்தவர் வீட்டாரோ விதி என்று சொல்லி எடுத்துக் கொண்டு போனார்கள்.

தோழர்களே! விதி அல்ல, எண்ணிக்கை என்பதை அமெரிக்காவில் ருஜுப்படுத்தியிருக்கிறார்கள். லிண்டா ஐக்கன் என்னும் அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடும்தோறும், அறுவை சிகிச்சை செய்து கொண்டவர் 30 நாளுக்குள் சாகக்கூடிய வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது என்று கண்டார்கள். நர்சு மனம் சோர்ந்து போவது 23 சதவிகிதமும், வேலையில் அதிருப்தி 15 சதவிகிதமும் கூடுவதாகவும் கண்டார்கள். அங்கே விவகாரம் ஒரு நர்சுக்கு நாலு பேரா எட்டுப் பேரா என்பது. நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சில் விதியில் போதனா ஆஸ்பத்திரிக்கு மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிக்கு ஐந்து பேருக்கு ஒரு நர்சு என்று இருக்கிறது. விதி புஸ்தகத்தில் இருக்கிறது, வார்டில் இல்லை. உபாத்தியாயர் புஸ்தகத்தைப் படித்துச் சொல்லுகிறார். மாணவி வார்டைப் பார்க்கிறாள். இரண்டில் ஒன்று பொய் என்று அவள் முதல் வருஷத்திலேயே கண்டு கொள்ளுகிறாள்.

இனி "பற்றுதல்" என்பதைப் பார்ப்போம். கனடா தேசத்து மேயர், ஆலன் என்னும் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 1991-ல் ஒரு விஷயம் எழுதினார்கள். ஒருவர் ஒரு ஸ்தாபனத்தை விட்டுப் போகாமல் இருப்பதற்கு மூன்று காரணம் உண்டு: விரும்பி இருப்பது, போக வழியில்லாமல் இருப்பது, போனால் நன்றிகெட்டவள் ஆவோமே என்று இருப்பது. இப்பொழுது நம் பக்கம் பாருங்கள். ஒரு பெண்ணின் அசல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் வேலை செய்தால்தான் தருவோம் என்று பாண்டு எழுதி வாங்கினால், அவள் இரண்டு வருஷம் இருக்கத்தான் செய்வாள். அதற்குப் பெயர் பற்றுதலா? பூட்டைத் திறந்துவிட்டு, பிறகு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்தாலல்லவா பற்றுதல் தெரியும்? பாண்டு கூடாது என்று நர்சிங் கவுன்சில் 2011-லேயே சொல்லிவிட்டது. சொல்லியும் சர்ட்டிபிகேட்டைக் கேட்டு அலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கார் சங்கதி என்ன? 2015-ல் ஆயிரக்கணக்கான நர்சுகளைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தம் என்று பெயர் வைத்து, மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். நாளைக்கு 257 ரூபாய்கூட முழுசாக ஆகவில்லை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் அது 14,000 ஆயிற்று. பொறுமையாக அனுசரித்த காலத்தில் உயராத சம்பளம், உட்கார்ந்த பிறகு உயர்ந்தது. 2020-ல் கொரானா வந்தபோது கை தட்டினார்கள். ஹெலிகாப்டரில் இருந்து ஆஸ்பத்திரிகளின் மேல் பூத் தூவினார்கள். அந்தக் காலத்தில் சேர்த்துக் கொள்ளப்பட்ட நர்சுகளில் 2,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை இல்லை என்று உத்தரவு போட்டார்கள். புது வருஷத்தன்று அவர்களில் பலர் இதே சேலத்தில் தெருவுக்கு வந்தார்கள். பூத் தூவியவர்களுக்கு அந்தப் பூவின் விலையாவது ஞாபகம் இருந்திருக்கும்.

தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளத்தைப் பற்றி 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, இந்திய சர்க்கார் ஒரு கமிட்டி வைத்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் கமிட்டி சிபார்சு செய்தது. பக்கத்து மலையாள நாட்டில் நர்சுகள் சங்கம் வைத்து வேலை நிறுத்தம் செய்து, 2018-ல் அந்த 20,000-ஐ சர்க்கார் உத்தரவாகவே வாங்கினார்கள். அவர்கள் தேவதைகளாக இருந்து வாங்கவில்லை. தொழிலாளர்களாக இருந்து வாங்கினார்கள்.

இந்தத் தொழிலுக்கு இவ்வளவு இளப்பம் ஏன் வந்தது? மலமும் இரத்தமும் சீழும் தீட்டு. அதைத் தொடுகிறவள் இழிந்தவள். அன்னிய ஆணைத் தொட்டுத் தூக்குகிறவள் கெட்டவள் என்ற எண்ணந்தான் காரணம். இந்த எண்ணத்தின் பலன் என்ன? 1946-ல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது, இந்தியா முழுமைக்கும் சுமார் 7,000 நர்சுகள், அதாவது 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்சு. பிள்ளை பெற முடியாமல் செத்த பெண்கள் எத்தனை பேர்! தீட்டுக்கு அஞ்சியவர்கள் சாவுக்கு அஞ்சவில்லை. இன்று குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் எல்லா ஜாதிப் பெண்களும் நர்சிங் படிக்கிறார்கள். ஆனாலும் பெண் பார்க்க வருகிறவன், "நர்சா? நைட் டூட்டி உண்டா?" என்றுதான் இன்னமும் கேட்கிறான். அவன் தாயார் ஆஸ்பத்திரியில் படுத்தால், இரவில் பார்த்துக் கொள்ளுவது யார் என்று அவன் நினைப்பதில்லை.

இப்பொழுது உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக் கொள்ளாதீர்கள். மேலே இருக்கிறவன் உங்களை அதட்டுகிறான். நீங்கள் பிரசவ வலியில் கத்துகிற ஏழைப் பெண்ணை அதட்டுகிறீர்கள். சீனியர் ஜூனியரை நிற்க வைக்கிறாள். ஜூனியர் துப்புரவுத் தொழிலாளியை "வா, போ" என்கிறாள். வயதில் தாய் போன்றவளை அப்படிச் சொல்லுகிறாள். இது ஜாதிப் படிக்கட்டுக்கு வெள்ளை உடுப்புப் போட்டது போல் இல்லையா? தன் சுயமரியாதையைக் கேட்கிறவர் மற்றவர் சுயமரியாதையை மிதிக்கலாமா?

கடைசியாக, விளக்கேற்றும் சடங்கு. நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் மாணவிகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பிரமாணம் செய்கிறார்கள். நானும் வருஷாவருஷம் செய்து வைத்திருக்கிறேன். அந்தப் பிரமாணத்தை அந்த அம்மையார் எழுதவில்லை. 1893-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு கமிட்டியார் எழுதியது. வைத்தியருக்கு விசுவாசமாக உதவுவேன் என்பது அதில் ஒரு வாசகம். அம்மையார் செய்தது வேறு. 1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரி ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் செத்துக் கொண்டிருந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் கமிஷன் வந்து சாக்கடையைக் கழுவி, காற்றோட்டம் செய்தது. சில மாதங்களில் சாவு நூற்றுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. அம்மையாரும் அவருடைய விளக்கும் பிப்ரவரியிலும் அங்கேதான் இருந்தார்கள்! பிறகு அவர் கணக்கெடுத்து, காயத்தால் செத்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் செத்தவர்களே அதிகம் என்று படம் போட்டுக் காட்டி, சர்க்காரைக் கேள்வி கேட்டார். அவர் அனுசரிக்கவில்லை, எண்ணினார்.

ஆகவே நர்சுத் தோழர்களே, ஒவ்வொரு டூட்டியிலும் இன்று எத்தனை நோயாளிகள், எத்தனை நர்சுகள் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தனியாக எழுதினால் உங்களைத் துரத்துவார்கள். சங்கமாக எழுதினால் உங்களோடு பேசுவார்கள். உபாத்தியாயத் தோழர்களே, மாணவியை வார்டில் தனியே விடச் சம்மதிக்காதீர்கள். அவள் மெமோவோடு வந்தால், மன்னிப்பு எழுதச் சொல்லாமல் கணக்கை எழுதச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான். பொதுஜனத் தோழர்களே, உங்கள் படுக்கைப் பக்கம் நர்சு வரவில்லை என்றால் அவளை ஏசுவதற்கு முன் வார்டில் படுக்கைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிய பிறகு யாரை ஏச வேண்டுமோ அவரிடம் போங்கள்.