சாதகத்தோடு இரத்தப் பரிசோதனையும்



பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும் வயதில் எங்களில் பலர் இருக்கிறோம். அதனால் தலசீமியாவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஈமோகுளோபின் போதியளவு உருவாகாத பரம்பரை நோய் இது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை மருந்தால் அகற்றவும் வேண்டும்.

பரம்பரையலகின் பிரதியில் தேவையற்ற துண்டுகள் வெட்டி நீக்கப்பட்ட பின்னரே புரதம் உருவாகும். வெட்டுமிடத்தை இனங்காண்பது, தான் புரதமாக மாறாத ஒரு சிறிய ஆர்.என்.ஏ. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அதிகம் காணப்படும் பீற்றா தலசீமியா விகாரம், அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்தது. அடையாளம் பிசகினால் வெட்டும் பிசகும்.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவர் காவி. பெரும்பாலும் சுகமாகவே இருப்பார். இரு காவிகள் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். நெருங்கிய சொந்தத்தில் முடிக்கும்போது இருவருமே காவிகளாக இருக்கும் வாய்ப்புக் கூடும்.

இரத்தப் பரிசோதனையில் இதை அறியலாம். பெண்ணை மட்டும் சோதிக்கச் சொல்லாதீர்கள், மாப்பிள்ளையும் சோதிக்கட்டும். இந்த நோய் தாய்வழி மட்டும் வருவதில்லை. நோயுள்ள பிள்ளையைப் பெற்றவளைப் பழி சொல்லும் வழக்கத்தை நாங்களே நிறுத்துவோம்.