பார்த்தவர் எத்தனை? பயன் பெற்றவர் எத்தனை?



கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பந்தலின் கீழ் நின்றபடியே யூடியூப், முகநூல், வாட்ஸ்அப் ஆகியவற்றில் வேளாண்மைச் செய்திகளைப் பார்க்கிறோம். இவற்றுள் எதில் மக்கள் ஈடுபாடு அதிகம், எதை நம்பிச் செயல்படலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

யூடியூப், செய்முறையைக் கண்ணால் கண்டு கற்க ஏற்றது. கவாத்துக் கத்தரியை எந்தக் கணுவில் வைப்பது என்பது படத்தில் எளிதில் விளங்கும். ஆனால் "ஓர் இலட்சம் பார்வை" என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அதன் 'ஷார்ட்ஸ்' படங்களில், 2025 மார்ச் 31 முதல், படம் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது. பிடிக்கவில்லை என்று தெரிவித்தோரின் எண்ணிக்கையோ 2021 நவம்பர் முதல் நமக்குக் காட்டப்படுவதில்லை.

முகநூலில் கருத்துகள் குவியும். ஆனால் பாராட்டி எழுதினாலும், சண்டையிட்டு எழுதினாலும் எண்ணிக்கை ஒன்றுதான். ஆகவே எத்தனை கருத்துகள் என்று பாராமல், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரைதான் சேரலாம். கூட்டம் சிறிது, பயனோ பெரிது. நீங்கள் அனுப்பிய செய்தியை யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு அறியலாம். கேட்ட கேள்விக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரே பதில் சொல்வார்.

இது ஏன் முக்கியம்? மகாராஷ்டிரத்தில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கவாத்து செய்து, ஆண்டுக்கு ஒரு அறுவடை எடுக்கிறார்கள். நம் பன்னீர் திராட்சையில் இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறோம். அங்குள்ளோருக்காக எடுத்த படத்தை எத்தனை இலட்சம் பேர் பார்த்திருந்தாலும், அதிலுள்ள தெளிப்பு அட்டவணை நம் தோட்டத்திற்குப் பொருந்தாது.

எனவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊர்? எந்த இரகம்? கவாத்து செய்து எத்தனை நாள்? பின்னர், நோயுற்ற இலையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் படமெடுத்துக் குழுவில் இடுங்கள். மேலே எண்ணெய்ப் பசை போன்ற மஞ்சள் புள்ளியும் அதன் அடியில் வெண்பூசணமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். சாம்பல் தூவியது போலிருந்தால் சாம்பல் நோய். இரண்டிற்கும் மருந்து ஒன்றல்ல. மாற்றித் தெளித்தால் பணமும் கொத்தும் வீணாகும். ஐயம் தீராவிடில், இலையோடு ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகுங்கள். அல்லது 1800 180 1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் கட்டணமின்றிக் கேளுங்கள்.

1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 நெல், 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. எத்தனை வீட்டில் ரேடியோ பாடியது என்பதால் அல்ல; கேட்டவர்கள் அதை வயலில் நட்டதால்தான் அந்தப் பெயர். கைப்பேசிக்கும் அதே அளவுகோலை வைத்துப் பயனடைவீர்களாக.