செவியும் நாவும்: தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பித்தல்
(வெள்ளி விழா ஆசிரியர் அரங்கில் நிகழ்த்திய உரை)



ஆங்கிலம் நம் மக்களுக்குப் பகட்டுக்காக வந்த மொழியன்று. முறையீட்டுக்காக வந்த மொழியாகும். 1930ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் கூடிய வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பாளர்களாக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்தனர். எழுதிய மனு மட்டும் அங்கே போதுமானதாக இருந்திருக்குமா? பிறர் கூறுவதைச் செவிமடுத்து, அவை நடுவே அப்போதே விடையிறுக்கும் ஆற்றலும் வேண்டியிருந்தது. கேட்டலும் பேசுதலும் உரிமைக்குரிய கருவிகள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இன்று நம் சேரிப் பிள்ளைகள் பலருடைய நிலை யாது? பல ஆண்டுகள் ஆங்கிலம் படிக்கின்றனர். தேர்விலும் வெற்றி பெறுகின்றனர். நேர்முகத் தேர்வில் பெயரும் ஊரும் வினவப்பட்டால் நா எழாமல் நிற்கின்றனர். இதனை அறிவுக் குறை என்று கூறுவோர் உளர். அது பொய். வசதி படைத்த இல்லத்துக் குழந்தை வீட்டிலேயே ஆங்கிலத்தைக் கேட்டு வளர்கிறது. நம் குழந்தைக்கோ ஆங்கிலம் பேச்சாக வந்து சேருவது பெரும்பாலும் அந்த ஒரு பாடவேளையில்தான். அந்தப் பாடவேளையிலும் ஆசிரியர் படிக்கிறார், தமிழில் பொருள் கூறுகிறார், வினா விடையைக் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளைகள் பார்த்து எழுதுகின்றனர். கை உழைக்கிறது; செவியும் நாவும் உறங்குகின்றன.

எழுத்தை மட்டும் நம்பினால் நேரும் இடர் ஒன்றைக் காண்போம். விடைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. ஆங்கிலத்தில் பன்றியைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் 'பிக்' என்றே எழுத இயலும். பெரியது என்னும் பொருள்படும் சொல்லையும் 'பிக்' என்றே எழுத இயலும். எழுத்தில் ஒன்றாகிவிட்ட இவ்விரண்டையும் செவி ஒன்றே பிரித்தறியும். வாய்முன் உள்ளங்கையை வைத்து முன்னதை ஒலித்தால் மூச்சு வந்து மோதும். பின்னதை ஒலித்தால் அவ்வாறு மோதாது. ஆசிரியர் ஒரு சொல்லைக் கூற, பன்றியாயின் இடக்கையையும் பெரியதாயின் வலக்கையையும் பிள்ளைகள் உயர்த்தட்டும். இது ஐந்து நிமிட விளையாட்டு, செலவு ஏதுமில்லை.

கேட்டலுக்குப் பின்னரே பேச்சு. தாய்மொழியிலும் குழந்தை நெடுநாள் கேட்ட பின்னரன்றோ வாய் திறக்கிறது? இதனை உணர்ந்தே ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேய மொழியறிஞர், 1922இல் ஜப்பான் சென்று பணியாற்றிய காலத்தில், ஆணைகளைக் கேட்டுச் செயல்படும் பயிற்சிகளை வகுத்தார். பின்னர் 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் அதனைத் தனி முறையாகவே வளர்த்தார். முறை மிக எளிது. ஆசிரியர் 'ஸ்டாண்ட் அப்' என்று கூறித் தாமே எழுகிறார். பிள்ளைகளும் உடன் எழுகின்றனர். 'ஓபன் த டோர்' என்று கூறிக் கதவைத் திறக்கிறார். சில நாளில் ஆசிரியர் அசையாதிருந்து சொல்லை மட்டும் கூறுகிறார். பிள்ளைகள் செய்து காட்டுகின்றனர். பேசும்படி எவரையும் வற்புறுத்துவதில்லை. செய்து காட்டுவதே விடையாதலால், கூச்சமுள்ள குழந்தையும் முதல் நாளே வெற்றி பெறுகிறது.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். தலைமுறை தலைமுறையாக ஆணையைக் கேட்டுக் கைகட்டி நின்றவர்கள் நம் முன்னோர். ஆகவே நம் வகுப்பறையில் இவ்விளையாட்டு பாதியில் நின்றுவிடலாகாது. இரண்டாம் வாரத்திலேயே குழந்தை முன்வந்து ஆணையிட வேண்டும். ஆசிரியர் அதற்குப் பணிந்து எழவும் அமரவும் வேண்டும். 'ப்ளீஸ்' என்னும் சொல்லை இரு சாராரும் தவறாது சேர்க்க வேண்டும். தன் சொல்லுக்கு ஒரு வகுப்பே எழுந்து நிற்பதைக் காணும் சிறுமி, ஆங்கிலச் சொல் ஒன்றை மட்டுமா கற்றுக்கொள்கிறாள்?

அடுத்து உரையாடல். பேனாவை உயர்த்திப் பிடித்து 'வாட் இஸ் திஸ்?' என்று வினவுவது நெடுங்கால வழக்கம். விடை அனைவருக்கும் தெரிந்திருக்க, அது எவ்வாறு வினாவாகும்? தெரியாததை அறிவதற்குக் கேட்பதே வினா. ஒரு பையில் வேப்பிலை, புளியங்கொட்டை, சாவி, பொத்தான் ஆகியவற்றுள் ஒன்றை மறைத்து ஒரு பிள்ளையிடம் கொடுப்போம். 'இஸ் இட் எ லீஃப்?', 'இஸ் இட் எ கீ?' என்று மற்றவர் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். அப்போது மொழி தேவையின் பொருட்டுப் பிறக்கிறது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு அவர்கள் பெங்களூரிலும், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகளிலும் நடத்திய ஆய்வின் அடிப்படையும் இதுவே. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பணிகள் தரப்பட்டன. இலக்கணத்தைப் பற்றி எண்ணாமல் பொருளைப் பற்றி எண்ணுகையில் மொழி உள்ளே படிகிறது என்பதே அவர் கருத்து.

ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இது இயலுமா என்று ஆசிரியத் தோழர்கள் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் ஒருவர் பின் ஒருவராகப் பேசினால், ஒருவருக்கு ஒரு நிமிடமும் கிட்டாது. இருவர் இருவராகப் பத்து நிமிடம் பேசினால், ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிட்டும். ஓசை எழத்தான் செய்யும். அது உழைப்பின் ஓசை. தறி ஓடும் கூடத்தில் அமைதியை எவரேனும் எதிர்பார்ப்பரோ?

பிழை நேருமிடத்தில் நகைத்தல் அறவே கூடாது. 'ஐ கோ ஸ்கூல்' என்று குழந்தை கூறினால், 'யெஸ், யூ கோ டு ஸ்கூல்' என்று திருத்தமான வடிவை இயல்பாகக் கூறி மேலே செல்லலாம். அவ்வாறே குழந்தையின் வீட்டுத் தமிழைப் பழித்தலும் ஆகாது. தன் தாயின் பேச்சு இழிந்தது என்று கேட்ட குழந்தை, பிற மொழியிலும் வாய் திறக்க அஞ்சும். ஐயம் நேரும்போது ஓரிரு சொல்லைத் தமிழில் விளக்குவதால் ஆங்கிலம் கெட்டுவிடாது.

எழுத்தும் படிப்பும் வேண்டா என்று நாம் கூறவில்லை. செவிக்குப் பழகிய சொல்லைக் கண் எளிதில் படிக்கும். நாவுக்குப் பழகிய தொடரைக் கை பிழையின்றி எழுதும். இந்த வரிசை மாறலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

ஆசிரியத் தோழர்களே! இதற்குப் புதிய கட்டடம் வேண்டா. விலையுயர்ந்த கருவியும் வேண்டா. ஒவ்வோர் ஆங்கிலப் பாடவேளையிலும் முதல் பத்து நிமிடம் புத்தகம் மூடியிருக்கட்டும். குழந்தைகளின் வாய் திறந்திருக்கட்டும். அவையில் எழுந்து, வினாவைக் கேட்டு, அஞ்சாது விடை கூறும் ஒரு தலைமுறையை உருவாக்குவதே இவ்வெள்ளி விழாவில் நாம் ஏற்கத்தக்க உறுதியாகும்.