முதற்பூச்சியைச் சபைக்கு அனுப்புவோருக்கு



கைவினைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தவர்கள், தறியைப் பற்றியோ மண்பாண்டத்தைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஆயினும், தூண்டில் முள்ளின்மீது இறகையும் ரோமத்தையும் பட்டுநூலையும் சுற்றி, ஆற்றுநீரின்மேல் மிதந்து வரும் ஒரு சிறு பூச்சியின் சாயலை உண்டாக்குகின்ற நுண்ணிய வித்தை ஒன்றையே நான் பொருளாக எடுத்துக்கொண்டேன். வெள்ளைக்காரர்கள் ட்ரௌட் மீனைக் கொணர்ந்து அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் வளர்த்த காலந்தொட்டு, இந்த நீலகிரியில் அந்த வித்தையை அறிந்தவர் சிலர் இருந்துகொண்டேதான் வருகின்றனர். அவர்களுள் ஓர் இளைஞர், அயல்நாட்டில் நடக்கவிருக்கும் பூச்சி கட்டும் போட்டிக்குத் தம்முடைய கைவேலையை அனுப்ப விரும்பி, முகவரி எழுதிய உறையை மேசைமேல் வைத்துக்கொண்டு, உள்ளே வைத்த பூச்சியை எடுப்பதும் எடுத்ததை மறுபடி வைப்பதுமாகத் தவிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தவிப்பை அற்பமானதென்று நான் கருதவில்லை. இன்று நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரத்தை வள்ளுவர் வகுத்தார் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் அதற்கு முன்னதாக அவையறிதல் என்ற அதிகாரம் நிற்கிறது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அஞ்சாதே என்று ஒருவனை நோக்கிச் சொல்லுவது எளிது. எந்த அவையின்முன் நிற்கப் போகிறான், அந்த அவை எதைப் பார்க்கும், எதைப் பாராது என்பதை அவனுக்கு விளக்கிச் சொல்லாமல் அஞ்சாதே என்பதில் பயன் இல்லை. ஆகவே தைரியத்தைப் பற்றி உபதேசம் செய்வதை விடுத்து, இந்த வித்தையின் சபை எத்தகையது என்பதையே முதலில் சொல்ல முற்படுகிறேன்.

நெடுங்காலம் இதற்கு மனிதச் சபையே இருந்ததில்லை. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்து கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன் என்பவர், மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றங்கரையில் மக்கள் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு பூச்சிகளைக் கட்டும் முறையைச் சொல்கிறது. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட நூலுக்கு, அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் 1676இல் பூச்சி கட்டுவதைப் பற்றிய தனிப் பகுதியையே எழுதிச் சேர்த்தார். இத்தனை நூற்றாண்டுகளிலும் கட்டியவனுடைய வேலைக்குத் தீர்ப்புச் சொன்னது மீன் ஒன்றே. கவ்வினால் நன்று, கவ்வாவிட்டால் வேறொன்றைக் கட்டு என்பதற்கு மேல் சாஸ்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

இதனை ஆதாரமாகக் கொண்டு, மீன் இருக்கப் போட்டி எதற்கு, நடுவர் எதற்கு என்று கேட்போர் உண்டு. அனுபவம் மிக்கவர்களே அவ்வாறு கேட்கிறார்கள்; ஆதலால் அந்தக் கேள்விக்கு மரியாதையுடன் விடை சொல்ல வேண்டும். மீன் நல்ல நடுவர் அன்று என்பதே என் துணிபு. பசித்த ட்ரௌட் அலங்கோலமான பூச்சியையும் கவ்வும். பசியற்ற ட்ரௌட் அப்பழுக்கற்ற பூச்சியையும் ஏறிட்டுப் பாராது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ஏவன் ஆற்றுக்குக் காவலராக இருந்த பிராங்க் சாயர், வேட்டைக்கோழியின் வால் இறகையும் மெல்லிய செம்புக் கம்பியையும் தவிர வேறொன்றும் இல்லாமல், நூலைக்கூட நீக்கிவிட்டு ஒரு பூச்சியைக் கட்டினார். கால் என்று எதனையும் அதில் அவர் வைக்கவில்லை. உலகத்தின் ட்ரௌட் ஆறுகளிலெல்லாம் அது இன்றளவும் மீனைக் கொணர்கிறது. மீனுக்குப் போதுமானது எது என்பதை அறிய ஆற்றுக்குப் போகலாம். கைக்குப் போதுமானது எது என்பதை அறிய இன்னொரு மனிதனுடைய கண்தான் வேண்டும். தனியறையில் விளக்கின்கீழ் அமர்ந்து கட்டுகிறவனுக்கு அந்தக் கண் கிட்டுவதில்லை. அதனைத் தேடியே அவன் போட்டிக்குப் போகிறான்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பிரோரா என்ற ஊருக்கு அருகே மேகன் பாய்ட் என்ற மாதரசி ஒருவர் இருந்தார். 1915இல் பிறந்து 2001இல் மறைந்த அவர், வட கடலைப் பார்த்த ஒரு சிறு குடிலில், நெடுங்காலம் மின்சாரமும் இல்லாமல், சாளரத்து வெளிச்சத்தில் அமர்ந்து சால்மன் மீனுக்கான பூச்சிகளைக் கட்டியே வாழ்நாளைக் கழித்தார். அரச குடும்பத்தார் முதல் சாமானியர் வரை அவருக்கு வாடிக்கையாளர்களாக இருந்தனர். 1971இல் பிரித்தானியப் பேரரசின் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அத்தகைய அம்மையார் மீன் பிடித்ததில்லை. அந்தப் பிராணியைக் கொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. சிறுமியாக இருந்தபோது அவருக்குக் கற்பித்த வேட்டைக்காவலர், பழைய பூச்சிகளைக் கொடுத்து, அவற்றை இழை இழையாகப் பிரிக்கச் செய்து, பிரித்த பொருள்களைக் கொண்டே அவற்றினும் சிறிய முள்ளில் மீண்டும் கட்டச் செய்தாராம். இந்தப் போதனா முறையை நான் எண்ணுந்தோறும் வியக்கிறேன். கற்கிற குழந்தையின் கையில் முதலில் கொடுக்கப்பட்டது ஒரு தேர்ந்த கையின் வேலை; அதை அவிழ்க்கும்போதே எத்தனை சுற்று, எந்தத் திசை, எந்த இறகுக்குப்பின் எந்த இறகு என்பதெல்லாம் விரல்களுக்கு விளங்கிவிடுகின்றன. மீனின் தீர்ப்பை ஒருபோதும் நாடாத ஒருவர் அந்த வித்தையின் சிகரத்தை அடைந்தார் என்றால், இந்தக் கலைக்கு மீனுக்கு அப்பாலும் ஒரு பிரமாணம் உண்டென்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

அந்தப் பிரமாணம் எது? இளைஞர்கள் சற்றே கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். பயத்தில் பாதி, இது தெரியாமையால் வருவது. மிச்சிகனில் லென் ஹாலடே என்பவர் 1922இல் கட்டிய ஆடம்ஸ் என்ற மிதவைப் பூச்சியை எடுத்துக்கொள்வோம். சாம்பல்நிற ரோமத்தால் உடல், வரியிட்ட சேவலிறகின் நுனிகளால் சிறகு, பழுப்பும் வரியும் கலந்த கழுத்திறகால் கால்கள், பின்னே ஒரு வால்: அவ்வளவே. நடுவர் பூதக்கண்ணாடியை எடுத்தவுடன் பார்ப்பது நிறத்தை அன்று, அளவுகளின் பொருத்தத்தை. வாலின் நீளம் முள்ளின் தண்டினுடைய நீளத்தை ஒத்திருக்கிறதா? சிறகும் ஏறத்தாழ அவ்வளவுதானா? சுற்றிய கழுத்திறகின் இழைகள், முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் நிற்கின்றனவா? உடல் பின்னாலிருந்து முன்னாக மெல்லப் பருத்து வருகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, முள்ளின் கண்ணுக்குப் பின்னே, நூலைக் கட்டி முடிப்பதற்கு இடம் விடப்பட்டிருக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்வியிலேதான் புதியவர்களின் பூச்சிகளுள் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன. சிறகைக் கட்டும்போது ஆசை மிகுந்து கை முன்னேறிவிடுகிறது. இறகைச் சுற்றும்போது இன்னும் சற்று முன்னேறுகிறது. தலையை முடிக்க வரும்போது கண்ணின்மேலேயே நூல் ஏறி, தூண்டில் நரம்பைக் கோக்கவும் வழியில்லாமல் அடைத்துக்கொள்கிறது. இதற்கு உபாயம் ஒன்றே. நூலைத் தொடங்கும் முன்பே கண்ணுக்குப் பின்னால் இவ்வளவு தூரம் எனக்கு அந்நியம் என்று எல்லை வகுத்துக்கொண்டு, கடைசி முடிச்சுக்குத் தவிர வேறெதற்கும் அந்த எல்லையைத் தாண்டாதிருப்பதே அது. நூல் அறுந்துபோவதும் அத்தகையதே. அறுகிற அளவுக்குச் சற்றுக் குறைவாக எப்போதும் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது தேர்ந்தவர்களின் கொள்கை. அந்த அளவை அறியும்பொருட்டு, வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, வேண்டுமென்றே இழுத்து இழுத்து அறுத்துப் பார்ப்பது மிக நல்ல அப்பியாசம். எவ்வளவு தாங்கும் என்று விரல் அறிந்துவிட்ட நூலை, மனம் அஞ்சுவதில்லை.

முள்ளின் எண் பெருகப் பெருக முள் சிறிதாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். 20ஆம் எண்ணில் கட்டிக் காட்டினால்தான் நடுவர் மதிப்பார் என்று எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போட்டியின் விதி இடங்கொடுக்குமானால் 12ஆம் எண்ணில் கட்டுங்கள். பத்து வகைகளை ஒவ்வொன்றாகக் கட்டுவதை விட்டு, ஒரே வகையைத் திரும்பத் திரும்பக் கட்டி, கட்டியவற்றை வரிசையாக ஒரு தக்கையில் குத்திவைத்து, மறுநாட் காலையில் புதிய கண்ணோடு பாருங்கள். இரண்டு பூச்சிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது எவ்வளவு அரிது என்பதும், அந்த ஒற்றுமையைக் கொணர்வதே கைத்தேர்ச்சி என்பதும் அப்போது புலனாகும். பிடிக்காதவற்றை ஒரு கூரிய கத்தியால் சீவி எறிந்துவிட்டு, அதே முள்ளை மறுபடி இடுக்கிக் கருவியில் பூட்டுங்கள். முள்ளுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

சபையின் எதிரிலேயே அமர்ந்து, குறித்த நேரத்துக்குள் கட்டி முடிக்க வேண்டிய போட்டிகளும் உண்டு. அங்கே விரல் நடுங்கும், நடுங்கத்தான் செய்யும். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, நூற்சுற்றுக்களை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வேலை செய்தால், ஐந்தாறு சுற்றுக்குள் விரல்கள் தம் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். எண்ணிக்கையில் ஈடுபட்ட மனத்துக்குப் பார்வையாளரை நோக்க அவகாசம் இராது.

இன்னொரு பயத்தையும் நான் களைய வேண்டும். பிறர் கட்டிய பூச்சிகளில் பகட்டான இறகுகளைக் கண்டு, இவையெல்லாம் என்னிடம் இல்லையே என்று புதியவர் குன்றிப்போகிறார். விக்டோரியா அரசியின் காலத்துச் சால்மன் பூச்சிகள் அந்தப் பகட்டின் உச்சம். ஜாக் ஸ்காட் என்ற புகழ்பெற்ற பூச்சி ஒன்றைக் கட்டவே டூக்கான் பறவையின் மஞ்சள் இறகு, பொன்னிற வேட்டைக்கோழியின் கொண்டை, மயில் தோகையின் இழை என்று தேசதேசாந்தரங்களின் பறவைகள் வேண்டியிருந்தன. அவற்றோடு, நம்முடைய மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் விடியற்காலையில் நாம் குரல் கேட்கும் சாம்பல் காட்டுக்கோழியும் இருந்தது. அதன் கழுத்திறகில் அரக்குப்பொட்டு வைத்தாற்போல் மின்னும் புள்ளிக்காக, இந்த மலைகளின் சேவல்கள் கணக்கில்லாமல் கொல்லப்பட்டுக் கப்பலேறின என்பது நாம் மறக்கலாகாத சரித்திரம். இன்று காட்டுப்பறவைக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது; அயல்நாட்டினர் பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகையும், சாயமேற்றிய சாதாரண இறகையும் கொண்டே கட்டுகின்றனர். ஆனால் ஆசை முற்றிலும் அடங்கிவிடவில்லை. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத்தோல்கள் களவு போயின. அவற்றுள் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் இருந்தன. களவாடியவர் பூச்சி கட்டுவதில் கைதேர்ந்த ஓர் இளைஞர். எத்தனையோ விஞ்ஞானிகளுக்குப் பயன்பட வேண்டிய பண்டம் முள்ளில் சுற்றுவதற்காகக் கூறுபோட்டு விற்கப்பட்டது. அருமையான இறகு, கைவேலையின் அருமைக்கு ஈடாகாது. கோழி இறகும் கம்பளி நூலும் கொண்டு ஒழுங்காகக் கட்டிய பூச்சியை அனுப்புகிறவர், யாருக்கும் முன்னால் தலைகுனிய வேண்டியவர் அல்லர்.

இனி, போட்டி நடத்துவோரைப் பற்றியும் ஒரு சொல். இளைஞருடைய பயம் அவருடைய உள்ளத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று; போட்டியின் அமைப்பிலிருந்தும் பிறக்கிறது. முப்பது ஆண்டு கட்டியவரையும் முதலாண்டு கட்டுபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முடிவில் மூன்று பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுக் கலைந்துபோகும் சபையிலிருந்து, தோற்றவர் எதைக் கற்றுக்கொண்டு திரும்புவார்? 1965இல் அமெரிக்காவில் தொடங்கிய பூச்சித் தூண்டிலாளர் அமைப்பு ஒன்று, வெண்கலம், வெள்ளி, பொன் என்ற மூன்று படிகளில் கைத்திறனைச் சோதித்து விருது வழங்குகிறது. அங்கே ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவதில்லை. வகுத்த லட்சணத்தோடு வேலையை ஒப்பிடுகிறார்கள். போட்டி என்ற பெயரோடு நடப்பவற்றைவிட அந்த முறையே புதியவருக்கு உகந்தது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஆயினும், நம் இளைஞரின் முன்னே இன்று இருப்பது போட்டிதான். தம்பி, நீங்கள் இந்தச் சபையில் எங்கே அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை நான் அறியேன், அறியவும் வேண்டாம். விதிகளை மறுமுறை வாசித்து, முள்ளின் எண்ணையும் பூச்சிகளின் தொகையையும் சரிபார்த்து, உறையை நாளைக் காலையில் தபாலில் சேர்த்துவிடுங்கள். பரிசு வருகிறதோ வரவில்லையோ, நடுவரின் குறிப்பைத் தருமாறு ஒரு கடிதத்தையும் அதனுள்ளேயே வையுங்கள். இங்கே வீற்றிருக்கும் மூத்த கைகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்களில் எவருக்கேனும் இந்த வித்தை தெரியுமானால், கூட்டம் முடிந்தபின் சற்று நேரம் இருங்கள். தேர்ந்த பூச்சி ஒன்றைக் கையில் கொடுத்து, அதை எப்படி அவிழ்ப்பது என்று அந்த இளைஞருக்குக் காட்டுங்கள்.