ஊட்டிக் குளிரில் ஒரு ஸ்டூ

விடுதியில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவன் என்று கேலி செய்வீர்களே, அதே ஆள்தான் சமையல் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மனைவி போன பிறகு ஊட்டி வீட்டில் அடுப்பும் நானும்தான். முதல் தடவை எல்லாத்தையும் ஒண்ணாக் குக்கரில் போட்டேன். கேரட் கூழாச்சு, கறி வேகலை! இப்போதெல்லாம் செம்மறியின் கழுத்துக்கறியை எலும்போடு, வெங்காயம், மிளகு, பட்டை சேர்த்து, சின்னத் தீயில் 2 மணி நேரம் விட்டுவிடுகிறேன். அப்பத்தான் ஜவ்வு கரைந்து சாறு கெட்டிப்படும். கேரட், டர்னிப், உருளைக்கிழங்கு (1820-களில் கலெக்டர் சல்லிவன் இங்கே இங்கிலீஷ் காய்கறிகளைப் பயிரிட்ட புண்ணியம்!) கடைசி அரைமணிக்குத்தான். அவள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை. ஆனால் போன மாதம் மகள் வந்தபோது, ஒன்றும் பேசாமல் இரண்டாவது தடவை கிண்ணத்தை நீட்டினாள்.