இரவு ஷிப்டும் மேல்படிப்பும்: அமெரிக்க நர்ஸ் தாக்குப்பிடிப்பது எப்படி?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த வாசகசாலைக் கூட்டத்தில், அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பிய நர்ஸ் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இரவு ஷிப்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. சங்கு ஊதியதும் உள்ளே போய், விடிந்ததும் பஞ்சுத் தூசியோடு வெளியே வருகிறவர்கள் நீங்கள். ஊர் விழிக்கும் நேரத்தில் நீங்கள் கண்ணை மூட வேண்டும். வெயிலும் சத்தமும் விடாது. அந்தத் தூக்கம் தூக்கமாகவே இராது.

அந்த உடம்போடு ஒருவர் பட்டமேற்படிப்பும் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் அதைத்தான் செய்கிறார்கள். அவர்களில் பிலிப்பைன்ஸ் பெண்கள் உண்டு, கேரளப் பெண்கள் உண்டு, நம் பக்கத்துப் பெண்களும் உண்டு. நிலத்தை அடகு வைத்து நர்சிங் படிக்கவைத்த மகள், "அப்பா, இங்கே வேலை செய்துகொண்டே மேலே படிக்கப் போகிறேன், கடன் வாங்கப் போகிறேன்" என்று போனில் சொல்கிறாள். "சரி" என்பதா, "வேண்டாம்" என்பதா? பலர் என்னைக் கேட்கிறீர்கள். நானும் அந்தப் படிப்பை வேலையோடு சேர்த்து மூன்றாண்டு படித்தவள். ஆகவே அதன் உள்விவரத்தைச் சொல்கிறேன்.

இது என்ன வேலை?

அதன் பெயர் நர்ஸ் பிராக்டிஷனர். சாதாரண நர்ஸ் டாக்டர் எழுதியதை நிறைவேற்றுகிறவர். நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியைத் தாமே பரிசோதித்து, நோய் இன்னதென்று முடிவு கட்டி, மருந்தும் எழுதுகிறவர்.

இது 1965ம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. லொரெட்டா போர்டு என்ற பொது சுகாதார நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து துவக்கினார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத கிராமத்துக் குழந்தைகளை யார் கவனிப்பது என்ற கேள்விதான் அதற்கு வித்து. அந்த அம்மையார் 104 வயது வாழ்ந்து 2025 ஜனவரியில் காலமானார். இன்று அந்நாட்டில் இந்த லைசென்ஸ் பெற்றவர்கள் நாலு லட்சத்துக்கு மேல். கிராமப்புறங்களில் பல இடங்களில் மக்களுக்குக் கிடைக்கும் 'டாக்டர்' இவர்களே.

சம்பளமும் கூடுதல். அமெரிக்க சர்க்காரின் 2023 கணக்குப்படி, பதிவு பெற்ற நர்ஸின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர். நர்ஸ் பிராக்டிஷனருக்கு 1,26,260 டாலர். வித்தியாசம் நாற்பதாயிரம் டாலர். இதைப் பார்த்துத்தான் நம் பெண் ஆசைப்படுகிறாள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கணக்கில் இன்னொரு வரி உண்டு. இரவு ஷிப்டுக்கும் ஓவர்டைமுக்கும் கிடைக்கும் கூடுதல் பணம் புது வேலையில் பெரும்பாலும் கிடையாது. அதைக் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்தே படிப்பு என்பது பாதி உண்மை

"ஆன்லைன் படிப்பு. வீட்டிலிருந்தே, வசதிப்பட்ட நேரத்தில் படிக்கலாம்" என்று விளம்பரம் சொல்கிறது. உண்மை என்ன?

பாடத்தைக் கம்ப்யூட்டரில் எந்த நேரத்திலும் கேட்கலாம், சரி. ஆனால் கெடு தேதி யாருடைய வசதியையும் கேட்பதில்லை. வாரத்தின் நடுவில் ஒரு கட்டுரை, வாரக் கடைசிக்குள் மற்ற மாணவர்களுக்குப் பதில், நடுவே பரீட்சை. பரீட்சையின்போது காமிரா நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். பல பள்ளிகளில் சில நாட்கள் நேரிலும் போய்க் கைப்பயிற்சி செய்துகாட்ட வேண்டும்.

முதலில் மூன்று பெரிய பாடங்கள்: நோய் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, நோயாளியைத் தலை முதல் கால் வரை எப்படிப் பரிசோதிப்பது. இந்த மூன்றிலும்தான் பலர் மூச்சுத் திணறுகிறார்கள்.

அடுத்தது நேர்ப்பயிற்சி. கிளினிக்கில் உட்கார்ந்து நிஜ நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இதற்குக் குறைந்தபட்சம் 500 மணி நேரம் என்றிருந்த அளவுகோலை 2022ல் 750 மணியாக உயர்த்தினார்கள். நோயாளியின் பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆனால் அந்த 750 மணியை ஆன்லைனில் கழிக்க முடியாது. அதற்குக் கூலியும் பெரும்பாலும் கிடையாது.

168 மணி நேரக் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். முதலாளிக்கும் அதே, தொழிலாளிக்கும் அதே.

அமெரிக்க ஆஸ்பத்திரியில் 12 மணி ஷிப்ட் மூன்று செய்தால் முழுநேர வேலை என்று பெயர். அது 36 மணி. பயிற்சிக் காலத்தில் வாரம் இரண்டு நாள், எட்டெட்டு மணி கிளினிக். அது 16. ஒரு பருவத்தில் இரண்டு பாடம் எடுத்தால், படிக்கவும் எழுதவும் வாரம் 18 மணி வேண்டும். மூன்றும் சேர்ந்து 70 மணி. உறக்கத்துக்கு 56 மணி ஒதுக்குங்கள். மீதி 42. நாளுக்கு ஆறு மணி நேரம். குளிப்பு, சமையல், கார் ஓட்டிப் போய்வருவது, குழந்தை, கணவன், ஊருக்குப் போன், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அடங்காது. எதில் கை வைக்கிறாள்? உறக்கத்தில். அங்கேதான் ஆபத்து. விடியற்காலை ஷிப்ட் முடித்துக் காரை ஓட்டுகிறவள் ஸ்டீயரிங்கில் கண் அயர்ந்தால் என்ன ஆகும்? மருந்தின் அளவைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும்? இது மார்க் சம்பந்தப்பட்ட பிரச்னை அல்ல, உயிர்ப் பிரச்னை.

ஆகவே முதல் விதி: கணக்கில் வெட்டக் கூடாதது உறக்கம். வெட்ட வேண்டியது பாடங்களின் எண்ணிக்கை. இரண்டாண்டில் முடிக்க வேண்டாம், மூன்று அல்லது நாலாண்டு ஆகட்டும். பகுதிநேரமாகப் படிக்கும் வழி அநேகமாக எல்லாப் பள்ளியிலும் உண்டு. முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கட்டும். இரவு ஷிப்ட் முடித்த பகலில் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம், தூங்கட்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடட்டும், போனை அணைக்கட்டும். வேலையில்லாத நாளின் முதல் நாலு மணி நேரம் படிப்புக்கு. அதில் துணி துவைப்பது கூடாது. நம் ஊரிலிருந்து பேசுகிறவர்களும் அவள் தூங்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

மேஸ்திரி கிடைக்காத அப்ரண்டிஸ்

அடுத்தது பெரிய கொடுமை. ஆலையில் அப்ரண்டிஸ் சேர்ந்தால் வேலை கற்றுக்கொடுக்கும் மேஸ்திரியை நிர்வாகம்தான் காட்டும். அங்கே நேர்ப்பயிற்சி தரும் டாக்டருக்கோ மூத்த நர்ஸுக்கோ 'பிரிசெப்டர்' என்று பெயர். பல பள்ளிகள் பீஸை வாங்கிக்கொண்டு, "பிரிசெப்டரை நீயே தேடிக்கொள்" என்று கையை விரித்துவிடுகின்றன.

மாணவி கிளினிக் கிளினிக்காகப் படியேறுகிறாள். நான் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களுக்குக் கடிதம் எழுதினேன். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை நோயாளிகள் என்று கிளினிக் முதலாளி அவர்கள் கழுத்திலும் கத்தி வைத்திருக்கிறார். கற்றுக்கொடுக்க நேரம் எங்கே? இந்த இடைவெளியில் புரோக்கர் கம்பெனிகள் நுழைந்துவிட்டன. பிரிசெப்டரைப் பிடித்துத் தர ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு பருவம் வீண். பட்டம் தள்ளிப் போகும், கடனுக்கு வட்டி ஏறும்.

ஆகவே சேருமுன்பே பள்ளியிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. பயிற்சி இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நானே தேட வேண்டுமா? நான் வசிக்கும் மாநிலத்தில் பயிற்சி நடத்த உங்களுக்கு அனுமதி உண்டா? பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா? உங்களிடம் படித்தவர்களில் எத்தனை சதவிகிதம் பேர் தேசியத் தேர்வில் முதல் தடவையே தேறினார்கள்? மழுப்புகிற பள்ளிக்கு ஒரு டாலரும் கட்டக் கூடாது. தானே தேடித்தான் ஆக வேண்டுமென்றால், ஓராண்டு முன்னதாகவே, தன் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்களிடமிருந்து துவங்கட்டும்.

இன்னொன்று. டாக்டர் பட்டம் வரை படித்தால்தான் இந்த வேலை என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2004ல் நர்சிங் கல்லூரிகளின் சங்கம் அப்படி ஆக்கவேண்டும் என்று சொன்னது வாஸ்தவம். ஆனால் மாஸ்டர் பட்டத்தோடு தேர்வு எழுதி இன்றும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம். தேவையில்லாமல் கூடுதல் கடன் வாங்க வேண்டாம்.

கடன் என்னும் கயிறு

ஆஸ்பத்திரி நிர்வாகம் படிப்புச் செலவில் உதவினால், ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தொழிலாளி வரி கட்ட வேண்டியதில்லை என்று 1986ல் வரம்பு வைத்தார்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் அந்தத் தொகை அசையவில்லை. அதற்குள் பீஸ் எத்தனை மடங்கு ஏறியது! அந்த உதவியும் சும்மா வருவதில்லை. "படித்து முடித்தபின் ஓராண்டு, இரண்டாண்டு இங்கேயே வேலை செய், இல்லாவிட்டால் திருப்பிக் கட்டு" என்று பல ஆஸ்பத்திரிகளில் கையெழுத்து வாங்குகிறார்கள். பண்ணையாரிடம் முன்பணம் வாங்கி வருஷக் கணக்கில் கட்டுண்டு கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வித்தை புதிதா? படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து ஏஜெண்டு மூலம் போன பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு ஒப்பந்தக் கட்டு இருக்கலாம். அது முடிந்த பிறகு படிப்பைத் துவக்குவது மேல்.

சர்க்கார் கடனும் சுருங்கிவிட்டது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பட்டமேற்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான் வரம்பு. டாக்டர், வக்கீல் போன்ற படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர். 2025 நவம்பரில் கல்வி இலாகா முன்வைத்த அந்த உயர்ந்த பட்டியலில் நர்ஸ் படிப்புக்கு இடமில்லை. நோயாளிக்கு மருந்து எழுதுகிறவர்களின் படிப்பு 'தொழில்முறைப் படிப்பு' இல்லையாம்! நர்ஸுகளின் சங்கங்கள் கொதித்தெழுந்தன.

படித்து முடித்தாலும் பாகுபாடு போவதில்லை. 1997ம் ஆண்டுச் சட்டப்படி, முதியோருக்கான மெடிகேர் திட்டம் அதே சிகிச்சைக்கு டாக்டருக்குத் தரும் தொகையில் 85 சதவிகிதம்தான் இவர்களுக்குத் தருகிறது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் சுயமாகத் தொழில் நடத்தலாம். டெக்ஸாஸில் மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவில் வேண்டாம். எந்த மாநிலத்தில் வாழப்போகிறோம் என்பதையும் யோசித்தே படிப்பைத் துவக்க வேண்டும்.

தனியாகத் தாங்க முடியாது

படித்து முடித்தவர்களைக் கவனித்துப் பார்த்தேன். அவர்கள் எல்லோரும் மகா மேதாவிகள் அல்ல. தனியாக இல்லாதவர்கள், அவ்வளவுதான். எங்கள் வார்டில் நாலு பேர் சேர்ந்து படித்தோம். ஒருத்தி மருந்துப் பாடத்துக்குக் குறிப்பு எழுதுவாள், ஒருத்தி நோய்ப் பாடத்துக்கு. ஒருத்திக்குப் பரீட்சை என்றால் இன்னொருத்தி ஷிப்ட் மாற்றிக்கொள்வாள். நிர்வாகம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அட்டவணை போடும். பரீட்சைத் தேதிகளைச் சேர்த்து எழுதி, நாலு பேரும் முன்கூட்டியே ஒன்றாகக் கொடுத்தோம். ஒருத்தியாகக் கேட்டபோது "பார்க்கலாம்" என்றவர்கள், நாலு பேராகக் கேட்டபோது அட்டவணையைத் திருத்தினார்கள்.

யூனியன் உள்ள ஆஸ்பத்திரிகளில் படிப்புச் செலவு, படிப்பு விடுப்பு ஆகியவை ஒப்பந்தத்திலேயே ஏறியிருப்பதுண்டு. அவற்றை விட முக்கியம் வார்டில் ஆள்பலம். பத்து நோயாளியை ஒருத்தியாகச் சுமந்தவள் வீட்டுக்குப் போய் எந்தப் புத்தகத்தைத் திறப்பாள்? கலிபோர்னியா 1999ல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று வரம்பு கட்டியது. சாதாரண வார்டில் ஐந்து, தீவிர சிகிச்சையில் இரண்டு. நியூயார்க்கில் 2023 ஜனவரியில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரி நிர்வாகங்களை எதிர்த்துச் சுமார் ஏழாயிரம் நர்ஸுகள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போதிய ஆள் வேண்டும் என்பதே பிரதான கோரிக்கை. அதை ஒப்பந்தத்தில் ஏற்றிய பிறகே வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆகவே தோழர்களே, மகளுக்கு என்ன பதில் சொல்வது? "படி" என்று சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: மெதுவாகப் படி. பயிற்சிப் பருவத்தில் ஷிப்டைக் குறைக்க நேரும், அதற்கு ஆறு மாதச் செலவை முன்பே சேர்த்து வை. அந்த ஆண்டு ஊருக்குப் பணம் குறைவாக வந்தால் நாங்கள் கேட்க மாட்டோம். தூக்கத்தை விற்காதே. கையெழுத்துப் போடுமுன் படி. கூட நிற்க நாலு பேரைச் சேர்த்துக்கொள்.

வீட்டிலிருந்து வரும் இந்த வார்த்தை, கடல் கடந்து இரவு ஷிப்டில் நிற்கிற பெண்ணுக்குப் பாதி பலம். மீதிப் பலத்தை அவள் தன் சகாக்களோடு சேர்ந்து தேடிக்கொள்வாள்.