அவரிடத்தில் நாம் நின்றால்

(சங்க ஆண்டு விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

திருப்பதியிலும் சித்தூரிலும் பயிலும் தமிழ் மாணவர் சிலர் கூடி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1963 சூன் 11 ஆம் நாள் இரவு தம் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையைப் படித்தோம். அலபாமாப் பல்கலைக்கழகத்தில் விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்னும் கறுப்பின மாணவர் இருவர் சேர வந்தபோது, மாநில ஆளுநரே வாயிலை மறித்து நின்ற நாள் அது. கறுப்பினக் குழந்தை உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு வெள்ளையர் குழந்தைக்கு உள்ளதில் பாதியே; வாழ்நாளோ 7 ஆண்டு குறைவு. இவற்றை எடுத்துரைத்த கென்னடி, தோல் நிறம் மாறி அவரிடத்தில் நிற்க உங்களுள் யார் உடன்படுவீர் என்று கேட்டார்.

அதே திங்களில் அவர் வாஷிங்டனில் வரவேற்ற நம் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன், இத்திருப்பதியில் மிஷன் பள்ளியில் பயின்றவர். அவர் பிறந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு இப்பால் நின்றோரும், பிழைப்பு நாடி வந்தோரும் சிறுபான்மை மொழியினர் ஆனோம். தாய்மொழியில் தொடக்கக் கல்வி வேண்டி, அரசியலமைப்பின் 350அ பிரிவைச் சுட்டுகிறோம். அது முறையே.

பெரியோர் முன் இளையோர் குறை கூறலாமா? 1963 ஆகஸ்டு 28 இல் வாஷிங்டன் பேரணியில், 23 வயது மாணவர் தலைவர் ஜான் லூயிஸ், கென்னடியின் சட்ட முன்வரைவு போதாது என்று மேடையிலேயே கூறினார். மூத்தவர் ராண்டால்ஃப் வேண்டியதால் கடுஞ்சொற்கள் சிலவற்றை நீக்கினார், கருத்தை நீக்கவில்லை. எங்களுக்கும் அதுவே வழி.

சென்ற ஆண்டு எங்கள் தோழர் ஒருவர்க்கு அறை தேடி, ஒரு தமிழ்க் குடும்பத்தாரின் வீட்டிற்குச் சென்றோம். ‘நம்மவரா? வாருங்கள் தம்பி’ என்று அவ்வீட்டு அம்மையார் மோர் கொடுத்தார். ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், பிறகு, ‘அறையை உறவினர்க்கு வைத்திருக்கிறோம்’ என்றார். தோழர் ஒன்றும் பேசவில்லை. மோர் குடித்த குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தார். நாங்களும் அன்று வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

தீண்டாமையை அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு ஒழித்தது. அதனைக் கடைப்பிடிப்போர்க்கு 1955 ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை வகுத்தது. 1976 இல் அச்சட்டமே குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. வாயிலை மறித்த ஆளுநரைப் படையனுப்பி விலக்கினார்கள். மோர் கொடுத்து, இன்சொல் கூறி மறுக்கும் திண்ணைக்கு எப்படையை அனுப்புவது? அங்கே நம் மனச்சான்றே செல்லவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீடு வாடகைக்கு விடும் உறுப்பினர் ஒவ்வொருவரும், வாடகையையும் ஒழுக்கத்தையும் அன்றிக் குலத்தைக் கேட்பதில்லை என இன்று உறுதி கொள்க. மாணவர்களாகிய நாங்கள், இனி அத்தகைய திண்ணையில் வாய்மூடி நிற்பதில்லை என உறுதி கூறுகிறோம். ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்வியால் புண்பட்டவர் நாம். அக்கேள்வியின் கூர்மையைப் பிறர்மேல் திருப்பாதிருப்போமாக.